கல்லுக்குக் கீழே ஒரு முத்திரை

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தின் நடுவில், 954 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருப்பது டார்ட்மூர் தேசியப் பூங்கா. பூங்கா என்ற பெயரைக் கேட்டு மரநிழலை எதிர்பார்த்துப் போகிறவர் அங்கே காண்பது மரம் அரிதான ஒரு மேட்டுவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை முரட்டுப் புல், ஹெதர் புதர், ஈரமண். இடையிடையே குன்றுகளின் உச்சியில் கருங்கல் பாறைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. உள்ளூரார் இந்தப் பாறைக் குவியலை ‘டோர்’ என்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட டோர்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. டோரின் அடிவாரத்தில், பனியுறையும் காலங்களில் உடைந்து சரிந்த கற்கள் ஏராளமாகச் சிதறிக் கிடக்கும். அந்தக் கற்பரப்புக்கு ‘கிளிட்டர்’ என்று பெயர்.

இந்தக் கற்களின் இடுக்குகளில் ஆயிரக்கணக்கான சிறு பெட்டிகள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பெட்டிக்குள் இருப்பது ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு குறிப்பேடும்தான். விற்றால் காசு பெறாத இந்தப் பெட்டிகளைத் துப்புகளின் துணையோடு தேடி, வரைபடமும் திசைகாட்டியுமாக மக்கள் மழையிலும் நடக்கிறார்கள். இதற்கு லெட்டர்பாக்சிங் என்று பெயர். இன்று அமெரிக்கக் காடுகள் வரை பரவியிருக்கும் இந்தப் பொழுதுபோக்கு, 1854இல் டார்ட்மூரில் வைக்கப்பட்ட ஒரு கண்ணாடிப் புட்டியிலிருந்து தொடங்கியது.

பெரட் வைத்த புட்டி

டார்ட்மூரின் கிழக்கு விளிம்பில் உள்ள சிற்றூர் சாக்ஃபர்ட். 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி வாழ்ந்தார். மேட்டுவெளியைப் பார்க்க வரும் நகரத்துக் கனவான்களைக் குதிரையிலும் நடையிலும் அழைத்துச் செல்வது அவர் தொழில். அவர்களில் துணிந்தவர்கள் போக விரும்பிய இடம் கிரான்மியர் பூல். வடக்கு மேட்டுவெளியின் நட்டநடுவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில், எந்தச் சாலைக்கும் எட்டாத இடம் அது. சாக்ஃபர்டிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். ஆனால் சதுப்பைச் சுற்றி, ஓடைகளைத் தாண்டி, போய்த் திரும்ப ஒரு பகல் முழுவதும் வேண்டும்.

அங்கே போய்ச் சேர்ந்தவருக்குப் பார்க்க என்று எதுவும் இல்லை. குளம் என்று பெயர் இருந்தும் தண்ணீர் கிடையாது. கருமண் கரைகளுக்கு நடுவே ஒரு பள்ளம், அவ்வளவே. குளம் வற்றியதற்கு உள்ளூரில் ஒரு கதை உண்டு. ஓக்ஹாம்ப்டன் ஊரின் முன்னாள் மேயர் ஒருவரின் ஆவி இந்தக் குளத்தில் சிறைவைக்கப்பட்டதாம். சல்லடையால் குளத்தை இறைத்து முடித்தால்தான் விடுதலை என்பது நிபந்தனை. ஆவி ஒருநாள் செத்த ஆட்டின் தோலைக் கண்டெடுத்து, சல்லடைக்கு உள்ளே விரித்து, குளத்தையே இறைத்துவிட்டது என்று கதை முடிகிறது.

காண எதுவும் இல்லாத இடத்துக்குப் போய் வந்ததை ஊருக்குத் திரும்பியபின் எப்படி நிரூபிப்பது? பெரட் அங்கே கற்களைக் குவித்து, அதற்குள் ஒரு புட்டியை வைத்தார். வந்தவர்கள் தங்கள் பெயர் அச்சிட்ட சந்திப்பு அட்டையை அதில் போட்டுவிட்டுப் போகலாம். அன்றைய கனவான்கள் ஒருவர் வீட்டுக்குப் போய் அவர் இல்லாவிட்டால் அட்டையை வைத்துவிட்டு வருவது வழக்கம். ஆளில்லாத மேட்டுவெளிக்கும் அதே மரியாதை கிடைத்தது.

நாளடைவில் அட்டையின் இடத்தில் கடிதம் வந்தது. முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய கடிதத்தையோ அஞ்சலட்டையையோ ஒருவர் பெட்டியில் விட்டுச் செல்வார். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் போய், தம் ஊர் அஞ்சல் நிலையத்தில் சேர்ப்பார். கடிதம் எத்தனை நாளில் போய்ச் சேர்கிறது என்பதே விளையாட்டு. சில நாளிலும் வரலாம், குளிர்காலம் முழுவதும் பெட்டியிலேயே கிடக்கவும் கூடும். லெட்டர்பாக்ஸ் என்ற பெயர் நிலைத்தது இந்தப் பழக்கத்தால்தான். புட்டி போய்த் தகரப்பெட்டி வந்தது. 1905இல் வருகைப் பதிவேடு வைக்கப்பட்டது. பின்னாளில் எட்டாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் 1921இல் அங்கே வந்து கையெழுத்திட்டார். 1937இல் வெஸ்டர்ன் மார்னிங் நியூஸ் நாளிதழின் முயற்சியால், நன்கொடை திரட்டிக் கல்லால் ஒரு நிலையான பெட்டி கட்டப்பட்டது.

கிரான்மியர் செல்லும் வழி

இன்று கிரான்மியருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வடக்கேயுள்ள ஓக்ஹாம்ப்டனிலிருந்து கிளம்புகிறார்கள். 1871இல் ரயில் வந்த ஊர் இது. 1972இல் நின்றுபோன வழக்கமான பயணிகள் ரயில் 2021 நவம்பரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. எக்ஸெட்டரிலிருந்து ஏறத்தாழ 40 நிமிடப் பயணம்.

ஊருக்குத் தெற்கே ராணுவ முகாமைக் கடந்ததும் மேட்டுவெளி தொடங்குகிறது. வலப்பக்கம் யெஸ் டோரும் அதையடுத்து ஹை வில்ஹேஸும் எழுகின்றன. 621 மீட்டர் உயரமுள்ள ஹை வில்ஹேஸே தென் இங்கிலாந்தின் மிக உயர்ந்த இடம். உயரம் நீலகிரியின் அடிவாரக் குன்றுகளைப் போன்றதுதான். ஆனால் அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மேகங்களைத் தடுக்கும் முதல் மேடுகளில் இதுவும் ஒன்று. மேட்டுவெளியின் நடுவிலுள்ள பிரின்ஸ்டவுனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தெளிந்த வானம் அரைமணி நேரத்தில் மூடுபனியாகி, பத்தடி தள்ளி நிற்கும் குதிரைக்குட்டியும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ராணுவம் போட்ட பழைய சாலை, இலக்கமிட்ட ஒரு கண்காணிப்பு நிலை வரை செல்கிறது. அங்கிருந்து கிரான்மியர் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் கடினமானது அந்தக் கடைசித் தூரமே. தரை முழுவதும் பீட் மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் நீரில் ஊறி, முழுதும் மட்காமல் படிந்த கருமண் இது. மழைநீர் இதை அரித்து ஆளுயரத்துக்குப் பள்ளங்களை வெட்டியிருக்கிறது. பள்ளத்துக்குள் இறங்கியவருக்கு வானம் மட்டுமே தெரியும். மேலே ஏறினால் நாற்புறமும் ஒரே மாதிரி மேடுகள். பச்சைப்பசேலென்று மெத்தைபோல் தெரியும் இடங்களில் கால் வைத்தால் சுற்றுப்புறமே ஆடும். அடியில் நீர் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிராங்க் ஃபில்பாட்ஸ் என்பவர் மாடுகளும் வேட்டைக் குதிரைகளும் கடந்துசெல்ல, பீட் மண்ணை வெட்டித் தடங்கள் அமைத்தார். அவற்றின் முனைகளில் நிற்கும் நினைவுக் கற்கள் இன்றும் நடப்பவர்களுக்கு அடையாளம்.

டார்ட், டா, டேவி, ஓக்மென்ட், டீன் என்னும் ஆறுகள் பிறப்பது இந்த நனைந்த மேட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த சில கிலோமீட்டருக்குள்தான். தடம் தவறியவர் ஓடையைப் பின்பற்றி இறங்கினால் ஏதோ ஓர் ஊரை அடையலாம். அது கிளம்பிய ஊராகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

பெட்டிகள் பெருகிய கதை

நெடுங்காலம் டார்ட்மூரில் பெட்டிகள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தன. 1894இல் பெல்ஸ்டோன் டோரில் ஒன்று வைக்கப்பட்டது. 1938இல் தெற்கு மேட்டுவெளியின் டக்ஸ் பூலில் இன்னொன்று அமைந்தது. 1909இல் வெளியான டார்ட்மூர் வழிகாட்டி நூலின் ஆசிரியர் வில்லியம் கிராசிங்கின் நினைவாக வைத்தது அது. வாழ்நாள் முழுவதும் அந்த மண்ணை நடந்தே அளந்தவருக்கு, நடந்தே அடைய வேண்டிய ஒரு பெட்டி நினைவுச்சின்னமானது. டக்ஸ் பூலும் கிரான்மியரைப் போலவே தண்ணீர் வற்றிய குளம்தான்.

1970களில் நிலைமை மாறியது. குடும்பங்களும் பள்ளிப் பிள்ளைகளும் நடைக்குழுக்களும் தாங்களே பெட்டிகளை வைக்கத் தொடங்கினார்கள். வெடிமருந்துப் பெட்டி, ஐஸ்கிரீம் டப்பா, மாத்திரைக் குப்பி, ஃபிலிம் சுருள் டப்பா என்று மூடி இறுகும் எதுவும் லெட்டர்பாக்ஸ் ஆனது. காட்ஃப்ரி ஸ்வின்ஸ்கோ என்பவர் ‘100 கிளப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். நூறு வெவ்வேறு பெட்டிகளைக் கண்டு, அவற்றின் முத்திரைகளைப் பதித்து வந்தவர்களே அதில் சேரலாம். சேர்ந்தவர்களுக்குப் பெட்டிகளின் துப்புகள் அடங்கிய பட்டியல் கிடைக்கும். முதல் நூறு பெட்டிகளைப் பட்டியல் இல்லாமல், கற்களுக்கிடையே தேடியும் வழியில் எதிர்ப்பட்டவரிடம் கேட்டும் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இதன் பொருள். பிரிட்டனில் கடிகாரத்தை முன்னும் பின்னும் மாற்றும் மார்ச், அக்டோபர் ஞாயிறுகளில் தேடுவோர் ஒன்றுகூடித் துப்புகளைப் பரிமாறிக்கொள்வதும் வழக்கமானது.

துப்பைப் படித்தல்

டார்ட்மூர்த் துப்பில் கதையோ விடுகதையோ குறைவு, எண்களே அதிகம். முதலில் இருப்பது, பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் வரைபடத்தின் கட்டக் குறியெண். ஆறு இலக்கக் குறியெண் 100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுரத்தைக் காட்டும். அதாவது இரண்டரை ஏக்கர் நிலம். கிளிட்டர் நிறைந்த சரிவில் இரண்டரை ஏக்கருக்குள் ஆயிரம் கற்கள் இருக்கலாம்; ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்க்க முடியாது. அதனால் துப்பின் இரண்டாம் பகுதி திசைக்கோணங்களைத் தருகிறது. மாதிரிக்கு ஒன்று: கொடிக்கம்பம் 84 பாகை, ஒற்றை முள்மரம் 171 பாகை, டோரின் வடமுனை 302 பாகை, சாய்ந்த பாறையின் பின்புறம், சிறு கல்லால் மூடியது.

தேடுகிறவர் சதுரத்துக்குள் வந்ததும் திசைகாட்டியைக் கொடிக்கம்பத்தை நோக்கிப் பிடிக்கிறார். 84க்குப் பதில் 90 பாகை காட்டினால், அவர் நிற்கும் இடம் வேண்டிய இடத்துக்கு வடக்கே இருக்கிறது. தெற்கே நகர வேண்டும். நகர்ந்து 84 ஆனதும், அந்தக் கோட்டை விடாமல் முன்னும் பின்னும் நடந்து முள்மரத்தின் கோணத்தைச் சரிசெய்கிறார். இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே பெட்டியின் இடம். மூன்றாவது கோணம் சரிபார்ப்பதற்கு. இரண்டு அடையாளங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் இருந்தால் துல்லியம் அதிகம். ஏறக்குறைய ஒரே திசையில் இருந்தால் வெட்டுப்புள்ளி இழுபட்டுவிடும்.

அடையாளத்தின் தொலைவும் கணக்கில் வரும். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டோரை வைத்து ஒரு பாகை பிசகினால் தேடுகிறவர் 17 மீட்டர் தவறிவிடுவார். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் பாறையை வைத்துப் பிசகினால் இரண்டு மீட்டருக்குள்தான் தவறுவார். எனவே நல்ல துப்பு, பகுதியைக் காட்டத் தூரத்து டோரையும் கல்லைக் காட்டப் பக்கத்துப் பாறையையும் பயன்படுத்துகிறது. அடிக்கணக்கு தரும் துப்புகளில் வேறொரு சிக்கல். ஒரு எட்டை ஒன்றாக எண்ணுகிறவர்களும் உண்டு, இரண்டு எட்டைச் சேர்த்து ஒன்றாக எண்ணுகிறவர்களும் உண்டு. எழுதியவரின் கால் நீளமும் படிப்பவரின் கால் நீளமும் ஒன்றல்ல.

பழைய துப்புகளில் திசைகாட்டியே ஏமாற்றக்கூடும். காந்த வடக்கு ஆண்டுதோறும் மெல்ல நகர்கிறது. 1970களில் டெவனில் அது வரைபடத்தின் வடக்கிலிருந்து பல பாகை மேற்கே விலகியிருந்தது. இன்று அந்த விலகல் மிகச் சிறிது. 2022 நவம்பரில், பக்கத்து மாவட்டமான டார்செட்டின் லாங்டன் மட்ராவர்ஸ் கரையோரத்தில் உண்மை வடக்கு, வரைபட வடக்கு, காந்த வடக்கு மூன்றும் ஒரே கோட்டில் வந்ததை ஆர்டனன்ஸ் சர்வே அறிவித்தது. அரை நூற்றாண்டுக்கு முன் காந்த ஊசியைப் பார்த்து எழுதிய எண்ணை அப்படியே பின்பற்றினால், கல் இருந்த இடத்திலேயே இருக்கும், தேடுகிறவர்தான் விலகி நிற்பார்.

பெட்டியைக் கண்டபின்

பெட்டி கண்ணில் பட்டதும் அனுபவசாலிகள் முதலில் சுற்றிலும் பார்ப்பார்கள். வேறு நடையாளர்கள் அருகில் இருந்தால், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்து அவர்கள் போகும்வரை காத்திருப்பார்கள். மறைவிடத்தைக் காட்டிக்கொடுப்பது பிறருடைய தேடலைக் கெடுப்பதாகும்.

பிறகு நடப்பது ஒரு கொடுக்கல் வாங்கல். தேடிவந்தவரிடம் சொந்த முத்திரை ஒன்றும் சொந்தக் குறிப்பேடு ஒன்றும் இருக்கும். தம் முத்திரையைப் பெட்டியின் ஏட்டில் பதித்து, தேதியும் புனைபெயரும் எழுதுவார். பெட்டியின் முத்திரையைத் தம் ஏட்டில் பதித்துக்கொள்வார். அட்டையும் கையெழுத்தும் வந்தவரின் வருகையை மட்டுமே அங்கே விட்டுச்சென்றன. முத்திரை வந்தபின், அந்த இடமும் வந்தவருக்குத் தன் சாட்சியைக் கொடுத்தனுப்பத் தொடங்கியது. டார்ட்மூர் முத்திரைகளில் டோரின் வடிவம், உள்ளூர்ப் பேய்க்கதை, பறவை, பழைய தகரச் சுரங்கம் என்று அந்த இடத்தைச் சேர்ந்த ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

ஈரம்தான் பெட்டியின் எதிரி. முத்திரையும் ஏடும் இரண்டு நெகிழிப் பைகளுக்குள் இருக்கும். மை உலரும்வரை ஏட்டை மூடக்கூடாது. அதேநேரம் மழைத்துளி விழவும் கூடாது. கடைசியில் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்து, முன்பிருந்த கல்லாலேயே மூட வேண்டும். நல்ல இடம் என்று நினைத்து அரை அடி தள்ளி வைத்தாலும் அடுத்தவர் வைத்திருக்கும் துப்பு பொய்யாகிவிடும்.

எங்கே வைக்கக்கூடாது

பெட்டிகள் பெருகியபோது மேட்டுவெளிக்குச் சேதமும் வந்தது. டார்ட்மூர் கற்களில் பல, வெறும் கற்கள் அல்ல. வெண்கலக் காலத்து மக்கள் நட்ட கல்வரிசைகள், புதைகுழிகள், வட்ட வீடுகளின் அடித்தளங்கள் அவற்றில் உள்ளன. பெட்டி தேடிப் புரட்டிய ஒரு கல் மூவாயிரம் ஆண்டுப் பழைமை கொண்டதாக இருக்கலாம். எனவே தேடுவோர் பின்பற்றும் ஒழுங்குவிதிகள் உருவாயின. தொல்லியல் சின்னங்களிலும் கட்டடங்களிலும் பெட்டி வைக்கக்கூடாது. தரையைத் தோண்டவோ சிமென்ட் பூசவோ கூடாது. ஆபத்தான இடம் கூடாது. தனியார் நிலத்தில் உரிமையாளரின் இசைவு வேண்டும். தரையில் கூடுகட்டும் வானம்பாடி போன்ற பறவைகளுக்காக, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய்களைக் கயிற்றில் பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடு ராணுவத்தால் வருவது. வடக்கு மேட்டுவெளியின் பெரும்பகுதி துப்பாக்கிச் சுடுதளம். கிரான்மியரும் அதற்குள்தான் இருக்கிறது. சிவப்பு வெள்ளைக் கம்பங்கள் எல்லையைக் காட்டுகின்றன. சுடும் நாட்களில் குன்றுகளில் சிவப்புக் கொடி பறக்கும், இரவில் சிவப்பு விளக்கு எரியும். கால அட்டவணை முன்கூட்டியே வெளியாகும். தேடுகிறவர் துப்பைப் படிக்குமுன் அதைப் படிக்கிறார். புல்லுக்குள் மின்னும் உலோகத் துண்டு எதையும் பெட்டி என்று நினைத்துத் தொடக்கூடாது.

அமெரிக்கக் காட்டுத்தடங்கள்

1998 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் இதழ் டார்ட்மூர்ப் பெட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அதைப் படித்தவர்கள் தங்கள் பகுதிக் காடுகளில் பெட்டிகள் வைக்கத் தொடங்கினார்கள். வடகிழக்கு மாநிலங்களில் பழக்கம் வேகமாக வேரூன்றியது. அங்கே நிலம் வேறு. அதனால் துப்பும் வேறானது. அடர்ந்த காட்டில் தூரத்துக் குன்று கண்ணில் படாது. மூன்று திசைக்கோணம் எடுக்க வழியில்லை. துப்புகள் வழிநடைக் குறிப்புகளாகவும் கதைகளாகவும் விடுகதைகளாகவும் மாறின. மரப்பாலம், இரட்டைத் தண்டு மேப்பிள், இடிமின்னலில் பிளந்த ஓக், தடத்தின் மூன்றாம் வளைவு என்று படிப்பவர் அடையாளம் கண்டுகொண்டே போக வேண்டும்.

நியூ இங்கிலாந்துக் காடுகளில் ஒளிக்கும் இடத்துக்குப் பஞ்சமில்லை. 19ஆம் நூற்றாண்டில் உழவர்கள் கைவிட்டுப் போன வயல்களில்தான் அந்தக் காடுகளில் பெரும்பகுதி வளர்ந்தது. வயல் வரப்பாக அவர்கள் அடுக்கிய கற்சுவர்கள் இன்றும் மரங்களுக்கு நடுவே ஓடுகின்றன. சுவரில் ஒரு கல்லை அகற்றினால் பெட்டிக்கு அறை தயார். அடுக்கிய விதம் இயல்பாக இல்லாத கற்களைத் தேடுவோர் ‘சந்தேகத்துக்குரிய கற்குவியல்’ என்று கேலியாகச் சொல்வார்கள். கண்ணுக்குப் பழகிவிட்டால் அதுவே துப்பாகிவிடுகிறது. முத்திரையைக் கடையில் வாங்காமல் ரப்பரில் தாங்களே செதுக்குவது அமெரிக்கத் தேடுவோரின் பெருமை.

கனெக்டிகட் மாநிலத்தின் வனத்துறையே தன் காடுகளில் பெட்டிகள் வைத்துத் துப்புகளை வெளியிடுகிறது. துப்பு வழிகாட்டுவதோடு நில்லாமல், எங்கே மரம் வெட்டப்பட்டது, ஏன் வெட்டப்பட்டது, இப்போது என்ன முளைக்கிறது என்று காட்டைப் படிக்கவும் கற்றுத்தருகிறது. ஐந்து பெட்டிகளைக் கண்டவர் ஒரு நடைக்கோலைப் பரிசாகப் பெறலாம். அதே மாநிலத்தின் லைம் ஊரின் பெயரைத் தாங்கிய லைம் நோய் இந்தத் தடங்களின் முக்கிய ஆபத்து. புல்லிலும் சருகிலும் இருக்கும் உண்ணிகள் அதைப் பரப்புகின்றன. முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகி நடப்பதும், வீடு திரும்பியதும் உடலைச் சோதிப்பதும் வழக்கம்.

செயற்கைக்கோளும் திசைகாட்டியும்

2000 மே 2ஆம் தேதி அமெரிக்க அரசு, பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் குறிகையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியைப் பொருட்களோடு புதைத்து, அதன் ஆயத்தொலைவுகளை வெளியிட்டார். அதிலிருந்து ஜியோகேச்சிங் பிறந்தது. ஒளித்த பெட்டியைத் தேடுவது இரண்டிலும் பொதுவாக இருந்தாலும், ஜியோகேச்சிங்கில் கருவி சில மீட்டர் தொலைவு வரை கொண்டுபோய் விடுகிறது. பெட்டிக்குள் மாற்றிக்கொள்ளச் சிறு பொருட்கள் இருக்கும். லெட்டர்பாக்சிங்கில் நிலத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பதே வேலை. பெட்டியிலிருந்து வெளியே போவது மைத்தடம் மட்டும். இரண்டையும் கலந்து, முத்திரை வைத்த ஜியோகேச் பெட்டிகளும் இப்போது உண்டு.

முதல் பெட்டியான கிரான்மியர் எந்தத் துப்பும் இல்லாமல் இருக்கிறது. ஆர்டனன்ஸ் சர்வே வரைபடத்திலேயே அந்த இடத்தில் லெட்டர்பாக்ஸ் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனாலும் அதன் முத்திரை வேண்டுமென்றால், கொடி இறங்கிய நாளாகப் பார்த்து, கருமண் பள்ளங்களில் ஏறியிறங்கி, தண்ணீர் இல்லாத அந்தக் குளம்வரை நடந்துதான் ஆக வேண்டும்.